பள்ளி அனுப்பிய ஓலை

1964-ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறைக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு மாணவன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மணியடிப்பதற்குச் சற்று முன், எங்கள் ஆசிரியை கரும்பலகையில் நான்கு வரிகள் எழுதினார். அதைக் கால் தாளில் பார்த்தெழுதி வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது கட்டளை. வரும் புதன்கிழமை பிற்பகல் பெற்றோர் கூட்டம். தாய் தந்தையர் இருவரும் தவறாது வர வேண்டும் என்பதே செய்தி. நான் ஓர் எழுத்துப்பிழையுமின்றி எழுதி முடித்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு, வாசி" என்றார். "அப்பாமாரு மட்டுந்தான் வரணுமாம்" என்று வாசித்தேன்.

அப்பா தொழிலுக்காக வேறு கரைக்குப் போயிருந்தார். திரும்ப இரண்டு வாரமாகும். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து யாரும் போக வேண்டியதில்லை என்று ஆயிற்று. நான் விரும்பியதும் அதுவே. அம்மா தலையில் ஓலைப்பெட்டி சுமந்து உள்ளூர்களில் மீன் விற்றுவந்தார். அந்தச் சேலையோடும் வாடையோடும் கடைக்காரர் வீட்டு அம்மாளின் அருகே என் தாய் அமர்வதை என் ஒன்பது வயது மனம் தாங்கிக்கொள்ளவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்வி வரலாற்றை எழுதுவோர் சட்டங்களை எழுதுகிறார்கள், கட்டடங்களை எழுதுகிறார்கள், பள்ளி நிறுவிய பெரியோரை எழுதுகிறார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு நாள்தோறும் போய்ச் சேர்ந்த சிறு செய்திகளை யாரும் எழுதுவதில்லை. நாளை விடுமுறை, தட்டு கொண்டு வா, தடுப்பூசி போடுகிறார்கள், கையொப்பம் வாங்கி வா - இவற்றை யார் சுமந்து சென்றார்கள், வீட்டில் யார் வாசித்தார்கள், வீட்டார் திரும்பக் கேட்ட கேள்வியைப் பள்ளி செவிமடுத்ததா என்று பார்த்தால், தமிழ்நாட்டுக் கல்வியின் வரலாறு வேறொரு வாசல் வழியாகத் தெரிகிறது.

மணியும் சிறுவரும்

நம் கடற்கரைக்கு இந்த வரலாறு 1542-ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. அவ்வாண்டின் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய நீண்ட மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. மக்களின் மொழி தமக்குத் தெரியாததால், இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து செபங்களைத் தமிழாக்கியதாக அதில் கூறுகிறார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரெல்லாம் சுற்றிச் சிறுவர்களையும் ஆடவர்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். இவ்வாறு ஒரு மாதம் நடந்தது.

இம்மடலில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. பள்ளியில் கற்றதை வீட்டில் தந்தைக்கும் தாய்க்கும், மற்ற குடும்பத்தாருக்கும், அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று அவர் சிறுவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்தார். நோயுற்றோர் வீடுகளிலிருந்து அழைப்பு வந்தபோது, தாம் போக இயலாத இடங்களுக்குச் செபம் அறிந்த சிறுவர்களையே அனுப்பினார். நம் கரையில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நடந்த முதல் தூதர்கள் குழந்தைகளே. எழுத்தறியாப் பெற்றோரை நோக்கி எழுத்தோ செபமோ அறிந்த குழந்தை நடந்து போகும் அந்தக் காட்சி, அடுத்த நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊர்களில் மாறவில்லை.

அதில் பெருமையும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. தூதனை நம்பித்தான் சேதி. ஒன்பது வயதில் நான் கற்ற பாடம் அது.

திண்ணைப் பள்ளிக்கூடம்

உள்நாட்டு ஊர்களில் நிலைமை வேறு. அங்கே பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவு.

திண்ணைப் பள்ளிக்கு அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை; வானத்தைப் பார்த்தாலே பெற்றோருக்கு அது தெரியும். பிள்ளை வரவில்லையென்றால் ஆசிரியர் சீட்டு எழுதி அனுப்புவதில்லை. மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை நான்கு பையன்களோடு வீட்டுக்குப் போய், ஒளிந்திருப்பவனைக் கையும் காலுமாகத் தூக்கி வந்துவிடுவான். நவராத்திரி வந்தால் மாணவர் கூட்டம் ஆசிரியரோடு வீடுவீடாகப் போய்ப் பாட்டுப் பாடும். வீட்டார் ஆசிரியருக்குக் காசும் துணியும் கொடுப்பர். ஆண்டுக்கொருமுறை பள்ளி முழுவதும் பெற்றோரின் வாசலில் வந்து நின்றது. தன் பிள்ளை என்ன கற்றான் என்பதைத் தாய் அன்று தன் காதால் கேட்டாள்.

இன்றைய நாம் ஏக்கத்தோடு எண்ணிப் பார்க்கத்தக்க நெருக்கம் இது. ஆனால் அந்த நெருக்கத்துக்கு ஒரு வேலியும் இருந்தது. மன்றோவின் கணக்கில் சிறுமியரின் எண்ணிக்கை மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருந்தது. ஊருக்குச் சேதி சொல்லப் பறை அறைந்தவரின் மகனுக்கு அந்தச் சேதியை எழுதக் கற்றுக்கொள்ள இடமில்லை. தண்டோரா போடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2022-இல் கைவிடச் சொன்னபோது, அந்த நெடுங்காலச் சுமையின் ஒரு பகுதி இறங்கிற்று. நம் கோயில்களிலும் சாதிக்கொரு பக்கமென மக்கள் பிரிந்து நின்ற காலம் உண்டு என்பதை நாமும் மறைக்க வேண்டியதில்லை.

உபதேசியாரும் பதிவேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நம் பங்குகளைச் சார்ந்து சிறு பள்ளிகள் பெருகின. பல ஊர்களில் உபதேசியாரே ஆசிரியர். கோயில் மணியே பள்ளி மணி. ஞாயிறு திருப்பலியில் மணமக்களின் ஓலை வாசித்த அதே குரல், பள்ளி திறக்கும் நாளையும் சொல்லிற்று. எழுத்தறிந்தவரும் அறியாதவரும் ஒரே நேரத்தில் கேட்ட அறிவிப்பு அது. கேட்டவர் கோயில் முற்றத்தில் நின்று உபதேசியாரை மறுகேள்வி கேட்கவும் முடிந்தது.

பிள்ளையைச் சேர்க்கும் நாளில் மற்றொரு சிக்கல். வயது என்ன என்று கேட்டால் பெற்றோருக்குத் தெரியாது. புயல் அடித்த வருடம் என்பார்கள்; பெரிய மழைக்கு மறு மாதம் என்பார்கள். வலக் கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் எட்டினால் சேர்ப்பு. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு. பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒரு நாளை எழுதிக்கொள்வார். பள்ளி திறக்கும் சூன் மாதத்தை ஒட்டிப் பிறந்தவர்கள் நம் முதியோரில் இத்தனை பேர் இருப்பதன் இரகசியம் இதுவே. நம் பங்குகளில் மட்டும் திருமுழுக்குப் பதிவேடு பல வேளைகளில் கைகொடுத்தது. பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த துண்டுத் தாள், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன முதல் எழுத்துச் சேதியாக இருந்தது.

கேளாமல் வந்த மாற்றம்

1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதுமுதல் பள்ளி என்பது மெல்ல மெல்ல அரசின் குரலாகவும் ஆயிற்று. அந்தக் குரல் பெற்றோரிடம் எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு 1953-ஆம் ஆண்டு ஒரு பாடம்.

அவ்வாண்டு இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றைப் புகுத்தியது. பிள்ளைகள் இரு பிரிவாக வருவர். ஒவ்வொரு பிரிவுக்கும் நாளுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ பிள்ளை கற்க வேண்டும். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அரசின் வாதம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பையே தைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது; 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். புதிய முதல்வர் காமராசரின் அரசு அவ்வாண்டு மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டது.

அரசின் நோக்கத்தைப் பற்றி இன்றும் இரு கருத்து உண்டு. ஒன்றை மட்டும் யாரும் மறுப்பதற்கில்லை: எந்தக் குடும்பங்களின் வீட்டைத் தொழிற்கூடமாக்க எண்ணினார்களோ, அந்தக் குடும்பங்களை முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. மகனை அரை நாள் கடலுக்கு அனுப்பு என்று ஒரு மீனவத் தாய்க்குப் பள்ளி சொல்லியிருந்தால், அவள் என்ன மறுமொழி சொல்லியிருப்பாள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. கடலிலிருந்து மகனைக் காப்பாற்றத்தானே அவள் பள்ளிக்கு அனுப்பினாள்!

தட்டு கொண்டு வா

நம் பள்ளிகள் வீடுகளுக்கு அனுப்பிய செய்திகளுள் மிக இனியது எது என்று கேட்டால், சாப்பாட்டுச் செய்தி என்பேன். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. ஏட்டைத் தவிர வேறொன்றையும் தராத பள்ளி, முதன்முறையாகத் தாயின் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்றது.

1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் அது ஊராரின் நன்கொடையால் நடந்தது. பின்னர் அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊரூராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்கூடிப் பட்டியலிட்டார்கள். ஒருவர் மணி தந்தார், ஒருவர் கரும்பலகை தந்தார், ஒருவர் நிலம் தந்தார். கட்டளை கேட்டே பழகிய ஊர், பள்ளியைத் தன்னுடையது என்று கருதத் தொடங்கிய காலம் அது. எங்கள் ஆசிரியை பெற்றோர் கூட்டம் கூட்டியதும் அந்தக் காற்று வீசிய ஆண்டுகளில்தான்.

1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறங்களில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவருக்கு விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, 2024-இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அவற்றுள் நம் அருள்சகோதரிகள் நடத்தும் பள்ளிகளும் உண்டு. விடியுமுன் வேலைக்குப் போகும் தாய்க்கு, "பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பினாலும் அஞ்ச வேண்டாம்" என்று பள்ளி சொல்லும் செய்தி இது. இதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

கேட்கும் உரிமை

2004 சூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடம் ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். எளிய வீட்டுப் பிள்ளைகள். நெருக்கடியான வகுப்பறை, குறுகிய படிக்கட்டு, ஓலைக் கூரை - இவை அந்தக் காலைவரை யாருக்கும் செய்தியாகத் தோன்றவில்லை. அதன்பின் மாநிலமெங்கும் பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. பள்ளி சொல்வதைப் பெற்றோர் கேட்டால் போதாது. எந்தக் கூரையின்கீழ் என் பிள்ளை அமர்கிறது என்று பள்ளியைப் பெற்றோர் கேட்கவும் வேண்டும் என்பதைத் தமிழகம் அந்த விலை கொடுத்துக் கற்றது.

நம் திருச்சபை இதை முன்னரே எழுதிவைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் சட்டம், பெற்றோர் ஆசிரியரோடு ஒத்துழைக்கட்டும் என்று சொல்வதோடு நிற்கவில்லை. ஆசிரியர்கள் பெற்றோருக்கு மனமுவந்து செவிசாய்க்க வேண்டும், பெற்றோருக்கான கூட்டங்களோ சங்கங்களோ அமைத்து மதிக்க வேண்டும் என்கிறது.

நாட்டின் சட்டம் சற்றுப் பிந்தி வந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை விதித்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழகத்து அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது, தலைவர் பொறுப்பு தாய்மாருக்கே தரப்பட்டது. 2012-இல் வந்த திருத்தம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று வரையறுத்தது. நம் நிறுவனங்களின் உரிமையைக் காக்கும் இந்த விலக்கை நாம் வரவேற்றோம். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் பெற்றோருக்குச் செவிசாய்க்க நமக்கு 796-ஆம் சட்டம் இருக்கிறதே! அதை எத்தனை பள்ளிகளில் நினைவுகூர்கிறோம்?

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. அந்த மாதங்களில் பள்ளியின் குரல் முழுவதும் கைப்பேசிக்குள் போயிற்று. இன்று அறிவிப்புகள் வாட்சாப் குழுவில் வருகின்றன. வேகம் பெரிது, வசதியும் பெரிது. ஆயினும் கைப்பேசி தந்தையிடம் இருக்கும், தந்தை கடலில் இருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகப் பெண்களில் எழுத்தறிந்தோர் சுமார் 73 விழுக்காடு. 1991-இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கம் போன்ற முயற்சிகள் எத்தனையோ தாய்மாருக்கு எழுத்தைக் கொடுத்தன. என்றாலும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எழுத்துக்கு வெளியே நின்றார். அவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டிமார். அவர்களுக்கு அந்தச் சிறு திரையும் என் கால் தாளும் ஒன்றே.

புதன்கிழமை

அந்தக் கால் தாளின் கதையை முடிக்க வேண்டும். அம்மா அதைச் சுருக்குப் பையில் வைத்திருந்தார் என்றேன். செவ்வாய்க்கிழமை மீன் விற்கப் போன ஊரில், வாடிக்கையாக வாங்கும் ஒரு வீட்டுப் பெண்ணிடம் அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஏன் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் முகமே காட்டிக்கொடுத்திருக்கலாம்.

புதன்கிழமை பிற்பகல் கூட்டத்துக்கு வந்தவர்கள் வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். அம்மா ஓலைப்பெட்டியைப் பள்ளித் தாழ்வாரத்தில் இறக்கிவைத்துவிட்டு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. வந்தால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சன்னல் ஓரத்தில் தலைகுனிந்து நின்றேன். ஆசிரியை பார்த்துவிட்டார். எழுந்து வெளியே போய், கையைப் பிடித்து அழைத்து வந்து, தம் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தார். அம்மா கூச்சத்தோடு விளிம்பில் அமர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எம்மவன் நல்லா வாசிக்கானா, டீச்சரம்மா?"

"வாசிக்கிறான்" என்றார் ஆசிரியை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அன்று இரவு சோறு போட்டபோது இவ்வளவே சொன்னார்: "இனி டீச்சரம்மா எங்கிட்டயே வந்து சொல்லுவாங்களாம்."

அப்படியே நடந்தது. அதன்பின் முக்கியமான செய்தி எதுவானாலும், ஆசிரியை மாலையில் எங்கள் தெரு வழியே நடந்து, எழுத்தறியாத் தாய்மார் ஒவ்வொருவரிடமும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டே வீடு போனார். அவர்கள் சொன்னதையும் நின்று கேட்டார். சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை அது. சவேரியார் மணியோடு நடந்த அதே கரையில் அவர் நடந்தார் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

நம் பங்குகளில் தொடக்கப் பள்ளி நடத்துவோருக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்புவோருக்கும் இந்த எளியவனின் வேண்டுகோள் ஒன்று. அடுத்த முறை ஓர் அறிவிப்பை அனுப்பும்போது, அதை வாசிக்க இயலாத தாய் யார், பாட்டி யார் என்று ஒரு கணம் எண்ணுங்கள். அவரிடம் குரலால் சொல்லுங்கள். அவர் கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பெற்றோரே, பிள்ளை கொண்டுவரும் தாளை வாங்கி வைத்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் மற்றொருவரிடம் கேளுங்கள். கேட்டபின் பள்ளிக்கு நடந்து போங்கள். எந்தச் சேலையில் போனாலும் சரி.